முதல் குறையாக் கொடை: பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் புலம்பெயர்ந்தோரும் சொந்த ஊர் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் பெயர்ந்தோர் தம் ஊர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பணம் அனுப்பி வருகின்றனர். அப்பணம் குடும்பத்தின் நிலையை உயர்த்தியுள்ளது. ஊரின் பொது வளங்களை அதே அளவில் உயர்த்தவில்லை. கொடையுள்ளம் இன்மையன்று, கொடையை ஏற்றுக் கணக்குக் காட்டிப் பேணும் ஊர் அமைப்பு இன்மையே இதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. சோழர்காலக் கல்வெட்டுகள் காட்டும் முதல் குறையாக் கொடை என்னும் முறைமையை இன்றைய சட்ட, நிருவாகச் சூழலோடு பொருத்திப் பார்த்து, அதன்வழிச் சில நடைமுறைகளை முன்வைக்கின்றது.

திறவுச் சொற்கள்: புலம்பெயர்வு, பொருள்வயிற் பிரிவு, அறக்கொடை, சாவா மூவாப் பேராடு, கிராம சபை, நமக்கு நாமே திட்டம்.

முன்னுரை

பொருள்வயிற் பிரிவு தமிழ் அகமரபின் அடிப்படைப் பிரிவுகளுள் ஒன்று. கடல்வழிச் செல்லும் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியம் தரும் வரையறை. சென்றவனின் வினையையும் இருந்தவளின் ஆற்றாமையையும் சங்கப் பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஈட்டிய பொருளின் பயன் இல்லாதவர்க்கு ஈதலும் சுற்றம் தாங்கலும் என்பது அவற்றின் பொதுக் கருத்து. எனினும் அப்பொருள் ஊரின் குளத்திற்கும் வயலுக்கும் என்ன செய்தது என்பது அகமரபின் பாடுபொருளாக அமையவில்லை. அவ்வினாவிற்கான விடையைக் கல்வெட்டுகளில் தேட வேண்டியுள்ளது.

இவ்வினா பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் பொறுத்தவரை இன்றும் உயிர்ப்புடையது. ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இப்பகுதியின் பெரும்பரப்பு மழையையும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பிய வேளாண்மை கொண்டது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரம்பலூரின் பயிர்கள். முந்திரியும் சுண்ணாம்புக்கல்லும் அரியலூரின் வளங்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் வெளியூர் செல்வது இங்குள்ள குடும்பங்களின் நெடுநாள் வழக்கம்.

புலம்பெயர்வின் மூன்று அலைகள்

முதல் அலை மலேயாத் தோட்டங்களை நோக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஒப்பந்த முறையாலும் கங்காணி முறையாலும் மலேயாவுக்கு ஆள் சென்ற மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி முதன்மையானது. மலேயாவுக்கான ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் புலம்பெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. கடாரம் கொண்ட இராசேந்திரன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. படையெடுப்பின் வெற்றி மெய்க்கீர்த்தியாகக் கல்லில் ஏறியது. அதே கடலைக் கடந்து அதே கடாரக் கரையின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று பெரும்பாலும் மலேசியக் குடிமக்கள்.

இரண்டாம் அலை 1970களின் எண்ணெய் விலையேற்றத்திற்குப் பின் வளைகுடா நாடுகளை நோக்கியது. குன்னம் வட்டத்து லப்பைக்குடிக்காடும் வேப்பந்தட்டை வட்டத்து வ.களத்தூரும் இவ்வகையில் நன்கு அறியப்பட்ட ஊர்கள். இதனை அடுத்து, சிங்கப்பூரின் கட்டுமானத் தொழிலுக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் இரு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் சென்றனர். குறிப்பிட்ட கால வேலை அனுமதியின்பேரில் செல்லும் இவர்கள் குடும்பத்தை உடனழைத்துச் செல்ல இயலாது. தொல்காப்பியர் மரபாகக் கூறியதை இக்காலத்தில் குடிநுழைவு விதி நிலைநிறுத்துகின்றது.

மூன்றாம் அலை பொறியியலும் மருத்துவமும் பயின்று அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா சென்றோரைக் கொண்டது. எண்ணிக்கையில் சிறியதாயினும் தொழில்நுட்ப அறிவிலும் வருவாயிலும் வேறுபட்டது.

2015ஆம் ஆண்டுத் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றோர் ஏறத்தாழ 22 இலட்சம் என மதிப்பிட்டது. அவர்களைப் பெரும் எண்ணிக்கையில் ஏற்ற நாடுகளுள் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னிற்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்களும் பெரம்பலூரில் 1003 பெண்களும் இருந்தனர். மாநிலச் சராசரி 996. இவ்வேறுபாட்டிற்கு வெளிநாட்டுப் புலம்பெயர்வு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்வோரும் உளர். எனினும் ஆடவர் வெளியே உழைக்க, மகளிர் ஊரில் குடும்பத்தையும் நிலத்தையும் நடத்தும் வாழ்வியலை விளங்கிக்கொள்ள இவ்வெண்கள் துணைசெய்கின்றன.

பணம் செல்லும் வழி

வெளிநாடு செல்லும் தொழிலாளியின் முதற்செலவு கடன். முகவர் கட்டணம், தொழில்திறன் தேர்வு, பயணம் ஆகியவற்றிற்காக நிலத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ செல்வது பரவலான நடைமுறை. எனவே தொடக்க ஆண்டுகளின் வருவாய் கடன் அடைக்கச் செல்கின்றது. அதன்பின் வீடு, உடன்பிறந்தாள் திருமணம், பிள்ளைகளின் கல்வி என்னும் வரிசையில் செலவு அமைகின்றது. இவற்றை வீண்செலவு எனக் கருதுவது பொருந்தாது. குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்பதும் பிள்ளையைப் படிக்க வைப்பதும் வளர்ச்சியே. கடனோடு புறப்பட்டவரிடம் ஊர்க்கொடையை எதிர்பார்ப்பதற்கு முன் அக்கடனின் அளவைக் குறைப்பது அரசின் கடமை. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு வழிகள் சிற்றூர்களுக்கு எட்டுமாயின், ஊருக்கு வரக்கூடிய முதற்பணம் முகவரிடம் செல்வது குறையும்.

குடும்பத் தேவை நிறைந்தபின் எஞ்சுவது எங்கே செல்கின்றது என்பதே இங்கு ஆராயத்தக்கது. கோயில் திருப்பணி, குடமுழுக்கு, பள்ளிவாசல் கட்டுமானம், தேவாலயத் திருவிழா ஆகியவற்றிற்குப் புலம்பெயர்ந்தோர் தடையின்றிக் கொடுக்கின்றனர். ஏரிக்கரைக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் அத்தகைய கொடை அரிது. இதனைச் சமயப்பற்று என்று மட்டும் விளக்கிவிட முடியாது. கோயில் திருப்பணிக்குழுவும் பள்ளிவாசல் சமாஅத்தும் நான்கு பணிகளைச் செய்கின்றன: கொடையைக் கேட்கின்றன, பற்றுச்சீட்டுத் தருகின்றன, வரவுசெலவை ஊரறியப் படிக்கின்றன, கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கின்றன. ஏரிக்கோ பள்ளிக்கோ இந்நான்கையும் ஒருங்கே செய்யும் ஊரமைப்பு பெரும்பாலும் இல்லை. கடல் கடந்து இருப்பவர் நேரில் வந்து பார்க்க இயலாதவர். ஆதலின் அவருக்குக் கணக்கே கண். கணக்குக் காட்டும் இடம் நோக்கியே கொடை செல்கின்றது.

கல்வெட்டுகள் காட்டும் முறைமை

இம்மண்ணில் அத்தகைய அமைப்பு ஒருகாலத்தில் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. பழுவூர், திருமழபாடி, கோவிந்தபுத்தூர், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய அரியலூர் மாவட்டக் கோயில்கள் சோழர்காலக் கொடைக் கல்வெட்டுகள் உடையவை. உத்தமசோழன் காலத்தில் அம்பலவன் பழுவூர்நக்கன் என்னும் அதிகாரி கோவிந்தபுத்தூர்க் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தான்.

சோழர்காலக் கொடைகளுள் நந்தா விளக்குக்கொடை பொதுவானது. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகளோ 90 ஆடுகளோ அளிப்பது வழக்கம். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும், மூக்கும். மந்தை பெருகுவதால் எண்ணிக்கை குறையாது என்பதே இத்தொடரின் பொருள். கொடுத்தவர் ஊரை விட்டு நீங்கினாலும் இறந்தாலும் விளக்கு எரிய வேண்டும் என்னும் நோக்கில் கொடையின் முதல் காக்கப்பட்டு, அதன் பயன் மட்டும் செலவிடப்பட்டது. பொன்னாகக் கொடுத்தபோதும் ஊரோ சபையோ அதனை ஏற்று, வட்டியால் குறித்த பணியை நிறைவேற்ற உடன்பட்டது. கொடுத்தவர், பெற்றவர், முதல், பயன், பணி, காவலர் என்னும் ஆறு கூறுகளும் கல்லில் பதிவாயின.

உத்தரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலைவழித் தேரும் விதிகளைத் தருகின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேரப்படத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப்பணியின் உயிர் கணக்கில் உள்ளது என்பதை அச்சபை அறிந்திருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உத்தரமேரூர்ச் சபை பிரமதேயத்தின் சபை. நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவரே அதில் இடம்பெற்றனர். மகளிரும் உழைக்கும் சாதியினரும் அதற்குப் புறத்தே இருந்தனர். ஆகவே இன்று மீட்கத்தக்கது அச்சபையின் உறுப்பினர் முறையன்று. முதலைக் காத்தல், பணியை வரையறுத்தல், கணக்கைப் பொதுவில் வைத்தல் ஆகிய மூன்று நெறிகளே. அந்நெறிகள் இன்றைய மக்களாட்சி அமைப்புகளில் பொருந்த வேண்டும்.

இன்றைய வாய்ப்புகளும் தடைகளும்

புலம்பெயர்ந்தோரை ஊரோடு இணைக்கத் தமிழ்நாட்டரசு சில முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011இல் இயற்றப்பட்டது. 2022 முதல் சனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அயலகத் தமிழர் தம் ஊரை மேம்படுத்த 'எனது கிராமம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2021இல் புதுப்பிக்கப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில், பணி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் அளித்தால் எஞ்சியதை அரசு ஏற்கின்றது. அரசுப் பள்ளிகளுக்கான கொடைக்கு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தொடங்கப்பட்டது.

மெக்சிகோவின் 'ஒன்றுக்கு மூன்று' திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்காவில் வாழும் சகதேகாசு மாநிலத்தவரின் ஊர்ச்சங்கங்களிலிருந்து வளர்ந்து, 2002இல் நாடு தழுவியதாகிய இத்திட்டத்தில், சங்கம் தரும் ஒவ்வொரு பங்கிற்கும் நடுவணரசும் மாநில அரசும் உள்ளாட்சியும் ஒவ்வொரு பங்கு சேர்த்தன. சாலை, குடிநீர், மின்சாரப் பணிகள் நடைபெற்றன. ஆயின் புலம்பெயர்ந்தோர் மிகுந்த ஊர்களே பயன்பெற்றன, அவர்கள் இல்லாத ஏழை ஊர்கள் பின்தங்கின என்னும் விமரிசனமும் எழுந்தது. பங்கீட்டுத் திட்டங்கள் அனைத்திற்கும் பொருந்தும் குறைபாடு இது. வ.களத்தூருக்குக் கிட்டும் வாய்ப்பு, வெளிநாட்டில் எவரும் இல்லாத ஒரு குடியிருப்புக்குக் கிட்டாது. ஆகவே புலம்பெயர்ந்தோர் கொடை அரசின் கடமைக்கு மாற்றாகாது. அதனோடு சேர்வதாகவே அமைதல் வேண்டும்.

சட்டநிலையிலும் வேறுபாடு உண்டு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்பும் கொடை, 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அயல்நாட்டுப் பங்களிப்பு ஆகாது. மலேசியக் குடியுரிமை பெற்றவர், தம் பாட்டனார் உடையார்பாளையத்தவரே ஆயினும், ஊரின் சங்கத்திற்கு அளிக்கும் கொடை அயல்நாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். பெறும் சங்கம் பதிவோ முன்னனுமதியோ பெற வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டை இந்நிலையை மாற்றாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், அத்தகைய பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கின்வழியே வரவேண்டும். சிற்றூர்ச் சங்கம் ஒன்றிற்கு இது எளிதன்று. ஆகவே முதல் அலையின் வழித்தோன்றல்கள் பணத்தினும் அறிவாலும் தொடர்பாலும் ஊருக்கு உதவுவது நடைமுறைக்கு உகந்தது. அவ்வழித்தோன்றல்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் 'வேர்களைத் தேடி' போன்ற பயணங்கள் அதற்குத் தொடக்கமாகலாம்.

முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருத்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம். வாக்களிக்க நேரில் வருதல் வேண்டும். எனவே கொடுப்பவர் ஒருவராகவும் முடிவெடுப்பவர் மற்றொருவராகவும் இருப்பது இயல்பு. அதுவே முறையும் ஆகும். கொடுப்பவரே பணியையும் தெரிவுசெய்வாராயின் அவருடைய தெரு, சாதி, சமயம் ஆகியவற்றின் தேவை ஊரின் தேவையாகக் காட்டப்படக்கூடும். தேவையைக் கிராம சபை முடிவு செய்து, புலம்பெயர்ந்தோர் அதற்குக் கொடுப்பது இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்கும்.

முன்வைக்கப்படும் நடைமுறைகள்

முதலாவது, கொடையைக் கட்டுமானத்திற்கும் பேணலுக்கும் பிரித்தல். நூறு பேர் 5,000 ரூபாய் வீதம் அளித்தால் 5 இலட்சம் சேரும். முழுவதையும் நமக்கு நாமே பங்காகச் செலுத்தினால் 15 இலட்சம் மதிப்பிலான பணி நடைபெறும். ஆனால் அடுத்த ஆண்டு வாய்க்கால் தூர்ந்தால் அள்ளப் பணமிராது. மாறாக, 3 இலட்சத்தைப் பங்காகச் செலுத்தினால் 9 இலட்சத்திற்குப் பணி முடியும். எஞ்சிய 2 இலட்சம் வைப்பு முதலாக இருப்பின், 7 விழுக்காட்டு வட்டியில் ஆண்டுக்கு 14,000 ரூபாய் பேணலுக்குக் கிட்டும். சிறு தொகையே எனினும் அது நின்றுபோகாது. சாவா மூவாப் பேராட்டின் இக்கால வடிவம் இதுவே.

இரண்டாவது, கணக்கை நாள்குறித்துப் படித்தல். தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22ஆம் நாள் கூட்டத்தில் ஏரிக் கணக்கைப் படிப்பது பொருத்தமுடையது. படித்த கணக்கை வெளிநாட்டில் உள்ளோர்க்கு அனுப்புவதற்கு இன்று செலவில்லை. ஏரிப்பணியில் உரிமை வரையறையும் இன்றியமையாதது. 40 எக்டேருக்கு மேற்பட்ட பாசனப்பரப்புடைய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. உரிய இசைவின்றித் தொடங்கும் பணி இடையில் நிற்கும்.

மூன்றாவது, ஊரில் இருக்கும் மகளிரை முடிவெடுப்போராக ஏற்றல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். வெளிநாட்டில் உழைப்பவரின் மனைவி இக்குழுவில் இயல்பாகவே இடம்பெறத்தக்கவர். பணத்தைப் பெற்று, பள்ளியை நேரில் கண்டு, கணவருக்கு எடுத்துரைப்பவரும் அவரே. நிலத்தின் பட்டா ஆடவர் பெயரில் மட்டும் இருத்தலால் பயிர்க்கடனும் அரசு உதவியும் பெறுவதில் இம்மகளிர்க்கு ஏற்படும் இடர்ப்பாட்டைக் கூட்டுப்பட்டா குறைக்கும்.

நான்காவது, கொடையோடு முதலீட்டையும் கருதுதல். 1999இல் திறக்கப்பட்ட கொச்சிப் பன்னாட்டு விமான நிலையத்தில் ஏறத்தாழ 30 நாடுகளைச் சேர்ந்த 10,000 அளவிலான வெளிநாடு வாழ் இந்தியர் பங்கு கொண்டனர். அது கொடையன்று, ஆதாயம் தரும் பங்கு. மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றைச் சேமித்துப் பதப்படுத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில், ஊரில் பயிரிடும் குடும்ப உறுப்பினர் வழியாகப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பங்கேற்கலாம்.

ஐந்தாவது, திரும்பி வருவோரின் திறனை ஏற்றல். பற்றவைப்பு, சாரம் கட்டுதல், பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றில் பல்லாண்டுப் பட்டறிவு பெற்றோர் ஊர் திரும்பியதும் சான்றிதழ் இன்மையால் கூலி வேலைக்குச் செல்கின்றனர். எறையூர்ச் சிப்காட் வளாகத்திலும் செயங்கொண்டத்திலும் காலணித் தொழில் கால்கொள்கின்றது. அரியலூரில் சிமெண்டு ஆலைகள் பல உள்ளன. முன்பெற்ற திறனைத் தேர்ந்து சான்றளிக்கும் முறையை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இவர்களுக்கு விரிவாக்கினால், இவர்களுள் சிலர் பயிற்றுநராகவும் ஆகலாம். அடுத்த தலைமுறை கடன்பட்டுக் கடல் கடக்க வேண்டிய தேவையைக் குறைப்பதினும் பெரிய கொடை புலம்பெயர்ந்தோர் அளிப்பதற்கில்லை.

முடிவுரை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் புலம்பெயர்ந்தோர் பெரும்பாலும் தொழிலாளர். அவர்களுடைய கொடை சிறு தொகைகளின் கூட்டாகவே அமையும். நகரத்தார் மரபினரான அழகப்பர் நடுவண் மின்வேதியியல் ஆய்வகத்திற்காகக் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்ததுபோன்ற தனிப்பெருங்கொடையை இவர்களிடம் எதிர்நோக்குதல் பொருந்தாது. பெருங்கொடைக்கு ஒரு வள்ளல் போதும். சிறுகொடைகள் பல சேர்வதற்கு நம்பத்தக்க ஓர் அமைப்பு வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் அந்நம்பிக்கையை எவ்வாறு ஈட்டின என்பதை ஏரிக்கும் பள்ளிக்கும் பொறுப்பேற்போர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.

அகமரபில் பொருள்வயிற் பிரிந்தவன் கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கின்றான். இன்று பிரிந்தோருள் பலர் விடுப்பில் வந்து மீண்டும் செல்கின்றனர், சிலர் மீள்வதேயில்லை. மீளாதவர் பெயராலும் ஊரில் ஒரு வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்வாரப்படுமாயின், முதல் குறையாக் கொடை என்னும் தொடர் கல்வெட்டியலின் கலைச்சொல்லாக மட்டும் நின்றுவிடாது.